ஆயிரம் ரூபாய் எந்தப் பையிலிருந்து வருகிறது?

2023 ஜூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தர்மபுரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் கூறப்பட்டது. 1989இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் வேர்விட்டது இம்மாவட்டத்தில்தான். ஏழைப் பெண்களின் கைக்குப் பணம் கொண்டு சேர்க்கும் இரு பெரும் சோதனைகள், முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே மண்ணில் தொடங்கியிருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியாக நின்ற மாவட்டமும் இதுவே. முதல் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் இடையில் இங்கு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்ற கேள்வியை அந்த மேடையில் எவரும் எழுப்பவில்லை. நாம் எழுப்புவோம்.

திட்டத்தின் பெயரிலுள்ள 'உரிமை' என்ற சொல்லைப் பாராட்டியே தொடங்க வேண்டும். உதவித்தொகை, நிவாரணம், சலுகை என்றே பேசிப் பழகிய அரசு, வீட்டுக்குள் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்கு ஒரு தொகை சேர வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது சிறிய மாற்றம் அன்று. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்த 1 கோடியே 63 லட்சம் பேரில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தகுதியுடையோர் என ஏற்கப்பட்டனர். 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது திட்டத்தின் கணக்கு.

எல்லாக் குடிமக்களுக்கும், நிபந்தனையின்றி, ஒழுங்கான இடைவெளியில், ரொக்கமாக வழங்கப்படுவதையே பொருளியலாளர்கள் 'அனைவருக்குமான அடிப்படை வருமானம்' என்கிறார்கள். உரிமைத் தொகை அந்த வரையறைக்குள் முழுமையாக அடங்காது; அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் அந்தக் கருத்துக்கு மிக அருகில் நிற்கும் நடைமுறை இதுதான். ஆகவே அடிப்படை வருமானம் குறித்த உலக விவாதத்தை நமது சேரியின் வாசலில் நின்று பரிசீலிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

அமெரிக்காவிலும் ஓர் ஆயிரம் உண்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன் ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனின் ஆதரவோடு டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் குறைந்த வருமானமுள்ள 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் வழங்கிப் பார்த்தார்கள். முடிவுகள் 2024 ஜூலையில் வெளிவந்தன. பணம் பெற்றவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக உழைத்தார்கள் என்பதே அதில் பெரிதும் பேசப்பட்ட எண். அந்த ஆய்வின் பின்னால் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது: இயந்திரங்கள் மனிதரின் வேலைகளை எடுத்துக்கொள்ளும்; வேலையிழந்தோர்க்கு ஒரு தொகை வழங்கிவிட்டால் சமூகம் அமைதியாக இருக்கும். வேலையை அகற்றும் இயந்திரத்துக்கு உரிமையாளரும், அதற்கு ஈடாகச் சிறு தொகையைப் பரிந்துரைப்பவரும் ஒருவரே என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

நமது ஐயங்களைச் சொல்லும் முன், நமக்குச் சொந்தமில்லாத ஓர் ஐயத்தை ஒதுக்கிவிட வேண்டும். 'இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும்' என்பது அது. வரிச்சலுகைகளையும் வாராக்கடன் தள்ளுபடிகளையும் 'ஊக்குவிப்பு' என்றழைப்பவர்கள், கூலிப் பெண்ணின் ஆயிரம் ரூபாயை மட்டும் 'இலவசம்' என்கிறார்கள். 2011இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யுனிசெப் நிதியுடன் 8 கிராமங்களில் எல்லோருக்கும் மாதந்தோறும் பணம் வழங்கியது. பெரியவர்களுக்கு 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய். ஓராண்டுக்குப் பின் அவை 300, 150 ஆயின. ஒரு பழங்குடிக் கிராமத்திலும் இதுபோன்றே செய்து பார்க்கப்பட்டது. உழைப்பு குறையவில்லை. கால்நடைகள் பெருகின, பள்ளி வருகை கூடியது, பிறர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு பலர் சொந்த நிலத்தில் உழைக்கத் தொடங்கினார்கள். இந்தக் கடைசிச் செய்தி நமக்கு இருவகையில் பாடம். சிறு தொகையும் மனிதரைப் பண்ணையாரின் பிடியிலிருந்து சற்றே விடுவிக்கும். ஆனால் திரும்பிப் போய் உழைக்கச் சொந்த நிலம் இருந்தவருக்கே அந்த விடுதலை வாய்த்தது. நிலமற்றவர் அதே பணத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் அதே வரப்பில்தான் நிற்க வேண்டும்.

இரண்டு பைகள்

மேடை ஒன்று, விண்ணப்பம் ஒன்று, தொகை ஒன்று. ஆனால் பணம் எடுக்கப்பட்ட பை ஒன்றல்ல.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். பொதுத் திட்டங்களின் பயன் சேரிக்கு வந்து சேர்வதில்லை என்ற பட்டறிவிலிருந்தே பழங்குடியினர் துணைத்திட்டம் 1970களின் நடுவிலும், பட்டியலினத்தோருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இலும் உருவாயின. மக்கள்தொகையில் பட்டியலினத்தோர் எத்தனை விழுக்காடோ, திட்ட நிதியில் அத்தனை விழுக்காட்டை அவர்களது மேம்பாட்டுக்கென்றே தனியே ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 2011 கணக்கின்படி அது 20 விழுக்காடு. இந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. பொதுத் திட்டங்களில் எல்லோரையும் போலத் தலித் மக்களுக்குக் கிடைப்பதற்கு மேலாக இது கிடைக்க வேண்டும் என்பதே கருத்து. நூற்றாண்டுகளின் பற்றாக்குறையை ஈடுசெய்யும் கூடுதல் நிதி இது.

2023 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது. மகளிர் உரிமைத் தொகைக்காக அவ்வாண்டு ஒதுக்கப்பட்ட 7,000 கோடி ரூபாயில் 1,540 கோடி, ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியிலிருந்து எடுக்கப்படுவதாக அது கூறியது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது.

இத்தகைய தருணங்களில் அரசுகள் சொல்லும் பதில் நமக்குப் பழக்கமானது: 'பயனாளிகளில் ஐந்தில் ஒருவர் பட்டியலினப் பெண். அவருக்கான பங்கை மட்டுமே அவருக்கான நிதியிலிருந்து எடுத்தோம். பணம் தலித் பெண்ணுக்குத்தானே போகிறது?' கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதங்களுக்கு ஒரு பெண்ணுக்கு 7,000 ரூபாய். 1,540 கோடியை அதனால் வகுத்தால் 22 லட்சம் பெண்கள். 1 கோடியே 6 லட்சத்தில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கிறது. பிழை கணக்கிற்கு வெளியே இருக்கிறது.

ஒரே தெருமுனையில் இரண்டு பெண்கள் வங்கியிலிருந்து பணம் எடுத்து வருகிறார்கள் என்று கொள்வோம். ஊரைச் சேர்ந்தவரின் ஆயிரம் மாநிலத்தின் பொது நிதியிலிருந்து வந்தது. காலனியைச் சேர்ந்தவரின் ஆயிரம், அவரது பிள்ளையின் விடுதிக்கும் அவரது தெருவின் வீட்டுமனைக்கும் போயிருக்க வேண்டிய நிதியிலிருந்து வந்தது. முன்னவருக்கு இது வரவு. பின்னவருக்கு இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றப்பட்ட பணம். இருவரும் மாநிலத்தின் குடிமக்கள். மறைமுக வரியை இருவரும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். பொதுத் திட்டத்தில் தலித் பெண்ணின் பங்கைப் பொது நிதி தாங்காது என்றால், 'பொது' என்ற சொல்லுக்குள் அவர் இல்லை என்றே பொருள். இதே தருக்கத்தில் ஒரு பாலத்தைக் கட்டிவிட்டு, அதில் நடப்போரில் ஐந்தில் ஒருவர் தலித் என்று கூறி ஐந்தில் ஒரு பங்குச் செலவைத் துணைத்திட்டத்தில் எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே பெண்களுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கிருகலட்சுமி உள்ளிட்ட ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்காக, பட்டியலின, பழங்குடித் துணைத்திட்டங்களிலிருந்து 2023-24இல் 11,000 கோடி ரூபாய்க்கு மேலும், 2024-25இல் 14,000 கோடிக்கு மேலும் எடுக்கப்பட்டன. நிதியைத் திருப்புவதைத் தடுக்க 2013லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. தமிழ்நாடும் 2024 பிப்ரவரியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பல்லாண்டுக் கோரிக்கை அது, வரவேற்கிறோம். கர்நாடகத்தின் பட்டறிவைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்கிறோம்.

இன்னொரு எண்ணையும் அருகில் வைப்போம். அதே 2023-24இல் தாட்கோ வழியாக 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நமது இயக்கங்கள் பஞ்சமி நிலத்துக்காகப் பேசிவந்த மொழிக்கு அரசு ஓரளவேனும் செவிசாய்த்த திட்டம் இது. இலக்கு 200 பெண்கள். ஒதுக்கீடு 10 கோடி ரூபாய். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஐந்து பேர். தர்மபுரியின் அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி, தர்மபுரி ஆகிய ஏழு வட்டங்களுக்கும் சேர்த்து ஐந்து பெண்கள்! அந்த 1,540 கோடியை இதே விகிதத்தில் நிலத்துக்குச் செலவிட்டிருந்தால் 30,800 பெண்கள் நிலவுடைமையாளர்கள் ஆகியிருப்பார்கள். விற்பனைக்கு அத்தனை நிலம் கிடைக்குமா, ஊரார் விற்க விடுவார்களா என்ற கேள்விகள் நியாயமானவை. அவை நிலத் திட்டத்தை விரிவாக்கித் தீர்க்க வேண்டிய கேள்விகள்.

அடிப்படை வருமானத்தைப் பற்றிய நமது ஐயத்தின் மையம் இதுதான். ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை இக்கருத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. மக்களில் 75 விழுக்காட்டினருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய். செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.9 விழுக்காடு என்றது. ஏறத்தாழ 950 ஒன்றியத் திட்டங்கள் சிதறிக் கிடப்பதாகச் சுட்டிக்காட்டி, அவற்றுக்கு மாற்றாக ரொக்கத்தை முன்வைத்தது. கூடுதலாக வருவதும் மாற்றாக வருவதும் வேறுவேறு. விடுதி, கல்வி உதவி, வீட்டுமனை, வேலை உறுதி ஆகியவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அவற்றின் விலையைக் கையில் கொடுப்பது எளிது. அந்த விலையைக் கொண்டு சந்தையில் அவற்றைத் திரும்ப வாங்கத் தலித்துகளால் முடியாது. காலனிக்காரருக்கு வாடகை வீடே கிடைப்பதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலை உறுதியையே பாருங்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 2025-26இல் 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600 ரூபாய். உரிமைத் தொகையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மேலும் அது நாடாளுமன்றச் சட்டத்தின் வழி வந்த உரிமை. கேட்டும் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. நூறு நாள் வேலை வந்த பிறகுதான் பல ஊர்களில் பண்ணை வேலைக்கு 'வரமாட்டேன்' என்று நம் பெண்களால் சொல்ல முடிந்தது. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. நாட்கள் 125 என்று ஏட்டில் உயர்ந்தன. செலவில் 40 விழுக்காடு மாநிலங்களின் தலையில் ஏறியது. விவசாயப் பருவத்தில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்யப்பட்டது. அந்த அறுபது நாளில் யாருடைய நிலத்துக்குக் குறைந்த கூலியில் ஆள் வேண்டும் என்பதைக் கணக்கியல் படிக்காமலே சொல்லிவிடலாம். உரிமைத் தொகைக்கோ சட்டமே கிடையாது. அது அரசாணையின் பேரில் நடக்கிறது. விலைவாசியோடு தொகையும் ஏற வேண்டும் என்ற விதி எதுவும் அதில் இல்லை.

தகுதியைத் தீர்மானிக்கும் கணினி

உரிமைத் தொகைக்கான தகுதி தரவுகளை ஒப்பிட்டே முடிவு செய்யப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள், நான்கு சக்கர வாகனம் இருக்கக்கூடாது. குடும்ப அட்டை, மின்வாரியம், போக்குவரத்துத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. அதிகாரியின் பாரபட்சம் இல்லாத, சாதி பாராத முறை என்று இதற்குப் பெயர்.

கணினி சாதி பார்ப்பதில்லை. அது பார்க்கும் பதிவேடுகளோ சாதியால் வடிவமைந்த வாழ்க்கையின் பதிவுகள். புன்செய் ஒன்பது ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரு சென்ட் இல்லாதவரும் கணினிக்கு ஒரே வகையினர். தர்மபுரி போன்ற மானாவாரி மாவட்டத்தில் இந்த வேறுபாடே ஊருக்கும் காலனிக்கும் இடையிலான வேறுபாடு. மறுபுறம், மனைப்பட்டா கிடைக்காமல் ஒரே தொகுப்பு வீட்டில் மூன்று குடும்பங்கள் முடங்கியிருந்தால், தனிச் சமையலறை இல்லையென்று தனிக் குடும்ப அட்டை கிடைப்பது கடினம். அட்டை ஒன்றென்றால் உரிமைத் தொகையும் ஒன்று. மூன்று குடும்பத்தின் விளக்குகளும் ஒரே மீட்டரில் ஓடும். வீட்டுமனை தராத அரசு, அதன் விளைவையே தகுதிக் குறைவாக எழுதிக்கொள்கிறது.

நிராகரிக்கப்பட்டோருக்குக் குறுஞ்செய்தியில் காரணம் வந்தது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். முறையீட்டு வழி இருந்ததே நல்லது. ஆனால் அது வாசிக்கத் தெரிந்த, கைப்பேசி தன்னிடமே இருக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போகக்கூடிய பெண்ணுக்கான வழி. முதல் தவணை வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கழித்துக்கொண்டன. அரசு தலையிட்டு எச்சரிக்க வேண்டியிருந்தது.

தொழில்நுட்பம் சாதியைத் திரைக்குப் பின்னால் மறைத்துவிடும் என்று நம்புவோருக்கு 2021ஐ நினைவூட்ட வேண்டும். நூறு நாள் வேலையின் கூலியைப் பட்டியலினத்தோர், பழங்குடியினர், ஏனையோர் என மூன்று தனிக் கணக்குகளாகப் பிரித்து அனுப்பும் முறையை ஒன்றிய அரசு அவ்வாண்டு கொண்டுவந்தது. ஒரே குளத்தில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. 'அவர்களுக்கு வந்துவிட்டது, நமக்கு ஏன் வரவில்லை' என்ற பேச்சு வேலையிடத்திலேயே எழுந்தது. ஊர்களில் தேவையற்ற பூசல் உண்டாகிறது என்று தமிழ்நாட்டு முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்புக்குப் பின் அம்முறை கைவிடப்பட்டது. அதற்கடுத்து 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவுக்குக் கைப்பேசிச் செயலி கட்டாயமானது. நாளுக்கு இருமுறை புகைப்படம் ஏற்ற வேண்டும். சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில், சமிக்ஞை கிடைக்காத இடத்தில் உழைத்த உழைப்புக்கு ஆதாரம் யார்?

இயந்திரம் எங்கே வருகிறது?

இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. அம்பேத்கர் தமது 1945ஆம் ஆண்டு நூலில் காந்தியத்தின் இயந்திர எதிர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார். உடலுழைப்பிலிருந்து விடுபட்டு ஓய்வும் பண்பாடும் பெறும் வாய்ப்பை ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கும் கொள்கை அது என்பது அவரது வாதம். 1918இலேயே சிறு நிலவுடைமைகள் குறித்த கட்டுரையில், வேளாண்மையில் தேங்கிக் கிடக்கும் உழைப்பைத் தொழில்மயம் ஈர்க்க வேண்டும் என்று எழுதியவர் அவர். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கிராமத்தார்க்குக் கூட்டுப் பண்ணைகளாக வழங்கச் சொன்னார். இயந்திரமும் நிலமும் யாருடைய உடைமை என்பதிலிருந்தே அவர் தொடங்கினார்.

நெல் அறுவடை இயந்திரம் தமிழ்நாட்டு வயல்களில் விரைவாகப் பரவியது. அறுவடைக் கூலி தலித் பெண்களின் முதன்மை வருமானமாக இருந்த இடங்களில் அதற்கு எவரும் ஈட்டுத்தொகை பேசவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு மட்டும் இயந்திரம் தயங்கித் தயங்கி வருகிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2018இல் கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' இயந்திரம், இதைச் செய்ய முடியும் என்பதைக் காட்டிவிட்டது. இருந்தும் இறப்புகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பாதாளச் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. கூலி உயர்ந்த இடத்துக்கு இயந்திரம் ஓடி வருகிறது. உயிர் மலிவாக இருக்கும் இடத்துக்கு அது வருவதில்லை. 'இயந்திரம் எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும்' என்று கலிபோர்னியாவிலிருந்து சொல்பவர்கள் இந்த வரிசையை அறியமாட்டார்கள்.

பணம் வந்தால் சாதி தானே தளரும் என்போருக்குத் தர்மபுரியே ஒரு விடையை வைத்திருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அவற்றுள் பல, பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் சென்று கட்டடம், வண்ணப்பூச்சு வேலை செய்து ஈட்டிய காசில் எழுந்தவை. பீரோக்கள் உடைக்கப்பட்டன, இருசக்கர வாகனங்கள் எரிந்தன, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. வறுமைக்காக அந்த மக்கள் தாக்கப்படவில்லை. தலைநிமிர்ந்த வருமானமே பலருக்குப் பொறுக்காததாக இருந்தது.

ஆகவே ஆயிரம் ரூபாயை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கூட வேண்டும், சட்டமாக வேண்டும், பொது நிதியிலிருந்து வர வேண்டும் என்கிறோம். அதற்கான முதல் வேலையை மாணவர்களே செய்யலாம். மாநில நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கை நூல்கள் நிதித்துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு துறையின் செலவிலும் 789 என்ற சிறுதலைப்பு பட்டியலினத் துணைத்திட்டத்தையும், 796 பழங்குடியினர் துணைத்திட்டத்தையும் குறிக்கும். உரிமைத் தொகையின் கணக்கைத் திறந்து 789க்கு எதிரே எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு: தர்மபுரி மாவட்டத்தில் உரிமைத் தொகை மறுக்கப்பட்டோர் எண்ணிக்கை சாதிவாரியாக எவ்வளவு, காரணவாரியாக எவ்வளவு? தாட்கோவின் மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொன்று: நன்னிலம் திட்டத்தில் இதுவரை எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் பெயரில் பத்திரம் பதிவாகியிருக்கிறது, எந்தெந்த ஊரில்? மனுக் கட்டணம் பத்து ரூபாய்.